ராத்திரி டயப்பர்: இந்த முறை வந்த கடிதங்கள்

பெரியவர்களுக்கு இரவில் சிறுநீர் கசிவது பற்றி எழுதச் சொல்லிப் பல மாதமாகக் கேட்கிறீர்கள். வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். கேள்வி கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

அப்பாவுக்கு ராத்திரி டயப்பர் வாங்கணும். எந்த கம்பெனி நல்லது? உடனே பதில் தேவை. (திருவொற்றியூர்)

அப்பாவுக்கு என்ன வயது, நடப்பாரா, படுத்தே இருக்கிறாரா, இடுப்பு எத்தனை அங்குலம், மோஷனும் தெரியாமல் போகிறதா, எதையுமே எழுதவில்லை. கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்?

கம்பெனியை விட மாடலும் அளவும்தான் முக்கியம். நடமாடுகிறவருக்கு ஜட்டி மாதிரி இழுத்துப் போடும் பேன்ட் மாடல். படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் மாடல். படுத்திருப்பவருக்கு பேன்ட் மாடல் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் இரண்டு காலையும் தூக்க வேண்டும். உங்கள் முதுகும் போகும், அவர் தோலும் உரசும்.

தையல் டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒருமுறை, பிட்டம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். எது பெரிசோ அதை வைத்து பாக்கெட்டில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கைப் பாருங்கள். எம், எல் எழுத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்கு கம்பெனி மாறும். "ஒரு சைஸ் பெரிசா இருந்தா நிறைய தாங்கும்" என்று நினைக்கிறவர்கள் அதிகம். பெரிசாக இருந்தால் தொடை ஓரம் வாய் பிளந்து நிற்கும், வந்ததெல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

எங்க நைனா பக்கவாதத்துல படுத்திருக்கார். டயப்பர் பின்பக்கம் காய்ஞ்சே இருக்கு, ஆனா காலைல பனியன் வரைக்கும் ஈரம். மட்டமான சரக்கா? (கொருக்குப்பேட்டை)

நல்ல கேள்வி. எது ஈரம், எது காய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சரக்கு மேல் குற்றம் இல்லை. ஆண்குறி மேல்நோக்கி இருக்கிறது, அதனால் சிறுநீர் வயிற்றுப் பக்கம் ஏறி இடுப்பு ஓரமாக வெளியே வருகிறது. டயப்பர் கட்டும்போது அதைக் கீழ்நோக்கி வைத்துவிட்டு மூடுங்கள். ஆண்களுக்கு ராத்திரி ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூச்சப்பட்டு யாரும் சொல்லித் தருவதில்லை.

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். புது டயப்பரை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காகிதக் கப்பல் மாதிரி லேசாக இழுத்து விடுங்கள். உள்ளே இரண்டு ஓரத்திலும் படுத்திருக்கும் தடுப்பு மடிப்பு அப்போதுதான் எழுந்து நிற்கும். அவரைப் பக்கவாட்டில் திருப்பி, டயப்பரை முதுகுப் பக்கம் வைத்து, மல்லாக்கத் திருப்பி முன்பக்கம் கொண்டு வாருங்கள். முதலில் கீழ் ஒட்டுப்பட்டைகளைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள், பிறகு மேல் பட்டைகளைக் கீழ்நோக்கி. கடைசியில் ஒரு விரலை விட்டுத் தொடை இடுக்கு முழுக்க ஓட்டிப் பாருங்கள். தடுப்பு உள்ளே மடங்கிக் கிடந்தால் வெளியே எடுத்து விடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

ஒன்று மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போட்டால் விடியும் வரை தாங்குமா? (பெரம்பூர்)

தாங்காது. டயப்பரின் வெளிப்பக்கம் தண்ணீர் புகாத பிளாஸ்டிக். உள்ளே இருப்பது நிரம்பினால் ஓரமாக வழியுமே தவிர, அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. மாதவிடாய் நாப்கினை உள்ளே வைத்தாலும் இதே கதை, அதற்கும் அடியில் பிளாஸ்டிக் உண்டு. நடுவில் ஒரு தடவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரவுக்கென்று வரும் கனமான டயப்பரை வாங்குங்கள்.

பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் 5 மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. ஏமாற்று வேலையா? (வியாசர்பாடி)

அந்தக் கணக்கு சோதனைக்கூடத்தில் போடுவது. அங்கே டயப்பரை விரித்து வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே மேலே ஒரு ஆள் படுத்திருக்கிறார், புரளுகிறார், ஒரே தடவையில் 300, 400 மில்லி போகிறார். பாக்கெட் கணக்கில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். நிறம் மாறும் கோடு வெளியே இருந்தால் அதைப் பாருங்கள், மணியைப் பார்க்காதீர்கள். படுக்கப் போகும்போது ஒன்று, மூன்று நான்கு மணி வாக்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளில் சரியாக இருக்கும். மோஷன் போயிருந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே மாற்றிவிடுங்கள்.

மாமியாருக்கு 4 மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை. அப்படியும் ராத்திரி நனைகிறது. மதியத்தோடு நிறுத்திவிடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

கூடாது அம்மா. நான் எங்கே போனாலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிற விஷயம் இது.

தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. முன்னறையில் கட்டில், அதில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. ஸ்டூல் மேல் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, அதுவும் அவர் கைக்கு எட்டாத தூரத்தில். நாக்கை நீட்டச் சொன்னேன். நடுவில் வெடித்து, வெயிலில் கிடந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தது. டயப்பரைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, டிகாக்‌ஷன் நிறத்தில், நெடி மூக்கைத் துளைத்தது. மருமகள் என்னிடம், "இப்பல்லாம் ஒரு டயப்பர் நாள் முழுக்க வருது சிஸ்டர்" என்றார். இரண்டு வேலைக்குப் போகிற பெண், மாமியாரைப் பாசமாகத்தான் பார்த்துக்கொண்டார். தண்ணீரைக் குறைத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாளில் அந்த அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல், ஆள் தெரியாமல் உளறல், ஆஸ்பத்திரி. டயப்பரில் மிச்சம் பிடித்த காசு ஒரே நாள் ஊசி மருந்தில் போனது.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டியானது சிறுநீர்ப் பையை உறுத்தும், அதனால் கொஞ்சம் சேர்ந்தாலே அவசரம் வரும். கிருமித் தொற்று வரும். மலம் இறுகும், இறுகிய மலம் சிறுநீர்ப் பையை அழுத்தி இன்னும் ஒழுக வைக்கும். நனையக் கூடாது என்று நீங்கள் செய்வதே நனைய வைக்கிறது. நம் ஊர் புழுக்கத்தில், அதுவும் ஷீட் கூரை போட்ட வீடுகளில், வயதானவருக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நாம்தான் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

நாள் முழுக்க ஒன்றரை லிட்டர் அளவுக்காவது உள்ளே போகட்டும். காலையிலிருந்து மாலை வரை அதிகமாக, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைவாக. மாத்திரை விழுங்க வேண்டிய தண்ணீரை யாரும் நிறுத்தாதீர்கள். சாயங்கால டீ, காபியைக் குறைக்கலாம். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு போட்டிருந்தால் அந்த அளவுதான்.

அப்புறம், மாமியாருக்குக் கால் வீக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை. பகல் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தால் நீர் காலில் தங்கும், ராத்திரி படுத்ததும் அது ரத்தத்தில் கலந்து சிறுநீராக வரும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரை சாயங்காலம் சாப்பிடுகிறார் என்றால் நேரத்தை முன்னால் மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். டம்ளரை மட்டும் இன்றைக்கே அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.

எங்க ஆயாவுக்கு மூணு நாளா திடீர்னு படுக்கையிலே போகுது. எந்த டயப்பர்? (எண்ணூர்)

டயப்பர் அப்புறம். திடீரென்று வந்தால் முதலில் டாக்டர், இன்றைக்கே. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை ஏறியது, மலம் இறுகியது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இதில் எதுவாகவும் இருக்கலாம். ரத்தம் வந்தாலோ, அடிவயிறு உப்பி இருந்தாலோ, கால் மரத்துப் பலம் குறைந்தாலோ ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

அம்மாவுக்கு 70. நன்றாக நடப்பார். ராத்திரி மூன்று தடவை எழுப்புகிறார். டயப்பர் போட்டுவிட்டால் எல்லோரும் தூங்கலாம் அல்லவா? (காசிமேடு)

நடக்கிறவரை டயப்பரில் படுக்க வைத்தால் அடக்கும் பழக்கமும் நடக்கும் பழக்கமும் ஒன்றாகப் போகும். பிறகு பகலிலும் டயப்பர்தான். உங்கள் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். கழிப்பறை பல வீடுகளில் நடையைத் தாண்டி வெளியே இருக்கும், நான்கு குடித்தனத்துக்குப் பொதுவாகவும் இருக்கும். இருட்டில் படி இறங்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோட் சேர் போடுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும், வழியில் கால்மிதியடி வேண்டாம். அவசரத்தில் சிந்துகிறது என்றால் மட்டும் பேன்ட் மாடல். மூன்று தடவை என்பதற்குக் காரணம் இருக்கும், சர்க்கரையும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள்.

டயப்பர் போடும் இடமெல்லாம் சிவந்து எரிகிறதாம். பவுடர் கொட்டிப் பார்த்துவிட்டேன். (தண்டையார்பேட்டை)

பவுடர் வேண்டாம். ஈரத்தில் குழைந்து, மடிப்பில் மண் மாதிரி உருண்டு, இன்னும் அறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. பகலில் இரண்டு மணி நேரமாவது டயப்பரைக் கழற்றி, அடியில் அண்டர்பேட் (படுக்கையில் விரிக்கும் உறிஞ்சும் விரிப்பு) போட்டுக் காற்றாட விடுங்கள். மடிப்பில் சின்னச் சின்னப் புள்ளியாகச் சிவந்திருந்தால் பூஞ்சையாக இருக்கும், அதற்கு வேறு மருந்து, டாக்டரிடம் காட்டுங்கள். வால் எலும்பு மேல் அழுத்தினால் மறையாத சிவப்பு இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பவுடர் வேண்டாம்.

மாதம் 3000 ரூபாய் டயப்பருக்கே போகிறது. துணி கட்டலாமா? (புளியந்தோப்பு)

பகலில் கட்டலாம். ரப்பர் ஷீட் விரித்து, அதன் மேல் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போடுங்கள். ரப்பர் நேராகத் தோலில் படக் கூடாது. நனைந்ததும் மாற்ற ஆள் இருந்தால் டயப்பரை விடத் தோலுக்கு நல்லது. ராத்திரி மட்டும் டயப்பர் என்று வைத்தால் செலவு பாதியாகும். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லைப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள்.

சிறுநீர் போக டியூப் போட்டுவிட்டால் டயப்பர் செலவே இல்லையே? (மணலி)

உங்கள் வசதிக்காக டியூப் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு கூடும். சிறுநீர் அடைத்துக்கொண்டால், ஆழமான புண் இருந்தால் டாக்டர் முடிவு செய்வார்.

எனக்கு 34 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் கசிகிறது. ராத்திரி டயப்பர் போடவா? (கொளத்தூர்)

வேண்டாம். இருமும்போது கசிவதற்கு ராத்திரி டயப்பர் எதற்கு? இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்யுங்கள். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, தினமும் மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பழகாதீர்கள். குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பழைய டயப்பரை என்ன செய்வது? டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்கிறது. (ஓட்டேரி)

அடைக்காமல் என்ன செய்யும்? உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து உப்பும். மலம் இருந்தால் அதை மட்டும் டாய்லெட்டில் தட்டிவிட்டு, டயப்பரை உருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே கட்டி, செய்தித்தாளில் சுற்றி, மக்கும் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். கால்வாயில் எறிகிறவர்களும் இருக்கிறீர்கள், மழைக்காலத்தில் அது உங்கள் தெருவுக்கே திரும்பி வருகிறது. சுற்றாமல் திறந்தபடி கொட்டினால் அதை வெறும் கையால் எடுப்பது உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர். கொடுங்கையூர் கிடங்கில் குப்பை பொறுக்குகிறவர்களும் அதைத்தான் கிளறுகிறார்கள்.

அப்பாவை ராத்திரி ரயிலில் தூத்துக்குடி அழைத்துப் போகிறோம். நடப்பார், ஆனால் அவசரம் தாங்க மாட்டார். (பேசின் பிரிட்ஜ்)

கீழ்ப் படுக்கை, கழிப்பறைக்குப் பக்கத்து பெட்டி முனையில் கிடைத்தால் நல்லது. இழுத்துப் போடும் மாடல், மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடி உள்ள யூரின் பாட்டில் ஒன்று, அண்டர்பேட் இரண்டு, கறுப்பு கவர் நான்கு, மாற்று லுங்கி ஒன்று. எழும்பூரில் ஏறுவதற்கு முன்பு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் கூடவே இருக்கட்டும்.