காட்டில் ஒரே ஒரு செடி மட்டும் மிஞ்சினால், அந்த இனத்தை மீட்க முடியுமா?

முடியும். ஆனால் கிளையை வெட்டி நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்கு உட்பட்ட ரோட்ரிக்ஸ் தீவின் கஃபே மரோன் இதற்குச் சரியான சான்று. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். பூக்கள் வெள்ளை நட்சத்திரங்கள். அடியோடு அழிந்துவிட்டது என்றே எண்ணியிருந்த நிலையில், 1980 வாக்கில் ஒரு பள்ளிச் சிறுவன் அதன் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தான்.

செய்தி பரவியதும் ஆபத்தும் வந்தது. நாட்டு மருந்துக்காகக் கிளைகளை ஒடித்தார்கள். வேலி போட்டும் ஒடிப்பது நிற்கவில்லை. 1986இல் சில கிளைத் துண்டுகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் சென்றன. ஒன்று வேர்பிடித்துப் பூத்தது. காய் மட்டும் இல்லை.

சிக்கலின் மையம் இதுதான்: துண்டிலிருந்து வளர்பவை எல்லாம் மரபளவில் அதே செடிதான். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். விதை வழியாகப் பிறந்தால்தான் மரபணுக்கள் கொஞ்சமாவது கலைந்து சேரும். மகரந்தம் இருந்தும், பூவில் அதை வாங்கிக்கொள்ளும் நுனியான சூல்முடி அதை ஏற்கவில்லை. பூங்காவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்தலேனா சூல்முடியை வெட்டி, வெட்டிய இடத்திலேயே மகரந்தத்தை வைத்துச் சலிக்காமல் முயன்றார். 2003இல் காய் பிடித்தது! அந்தப் பொறுமையை நான் மனதார வணங்குகிறேன்.

இன்னொரு வியப்பு: இளஞ்செடியின் இலைகள் ஒடுங்கிப் பழுப்பாக இருக்கும், வளர்ந்ததும் அகன்று பச்சையாகிவிடும். அங்கு முன்பு வாழ்ந்த பேராமைகளின் கண்ணில் படாமலிருக்கவே இந்த ஏற்பாடு என்பது ஒரு கருத்து.

பின்னர் விதைகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிச் சென்றன.