அப்பாவின் கடிகாரத்துக்குப் புது டயல் வேண்டாம்

கேள்வி: அப்பா கட்டியிருந்த தங்க ஒமேகா கான்ஸ்டலேஷன் என்னிடம் இருக்கிறது. டயல் பழுப்பேறி, ஓரத்தில் புள்ளி விழுந்திருக்கிறது. கடைக்காரர் புது பெயின்ட் அடித்து, கேஸையும் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

கான்ஸ்டலேஷன் 1952-ல் வந்தது. பின்மூடியில் ஒரு வானாய்வுக்கூடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் இருக்கும், பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் டயல் தட்டையாக இருக்காது. நடுவில் சமமாக இருந்து, ஓரத்தில் 12 பட்டைகளாகச் சரிந்து இறங்கும். ஆப்பச்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. பெயின்ட் அடித்தால் அந்தப் பட்டைகளின் கூர்மைதான் முதலில் போகும்.

என் கடிகாரம் ஒன்றை ஆயில் சர்வீஸுக்கு மட்டும் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். கேட்காமலே டயலைப் புதுசாக்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், எழுத்தெல்லாம் தடித்துப் போயிருந்தது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் மேல் ஏறியிருந்தன. அடியில் இருந்த 'ஸ்விஸ் மேட்' என்ற வரியையே காணோம். பல வருடம் ஆகியும் அதைக் கட்ட மனம் வரவில்லை.

பாலிஷும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் தேய்ந்து போகும். வார் மாட்டுகிற கால்களின் விளிம்பு மழுங்கும், தங்க முத்திரையும் மங்கும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே இந்த இரண்டையும்தான். மிஷினை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். டயலைத் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்பு உங்கள் அப்பா கையில் இருந்த காலத்தில் ஏறியது அல்லவா, அது இருக்கட்டும்.

கேள்வி: ஸ்விஸ் கம்பெனி பட்டேக் பிலிப்பின் பழைய கலட்ராவா கடிகாரம் குறுக்களவில் 31 மில்லிமீட்டர்தானாமே? ஆண்கள் கையில் சின்னதாகத் தெரியாதா? அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு?
- வாசகர், கோவை

பதில்: நீங்கள் சொல்வது 96 என்ற மாடல். 1932-ல் வந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த அதே வருடம்தான், பட்டேக்குக்கு டயல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் கம்பெனியையே வாங்கினார்கள். டயல்காரர்கள் கைக்குப் போன கம்பெனி என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே புரியும்.

நண்பர் ஒருவரின் 96-ஐ ஒரு மதியம் முழுக்க லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். டயலில் இருக்கும் பெயர் மேலோட்டமாக அச்சடித்தது இல்லை. தகட்டில் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சுட்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் எழுத்து துளி மேடாகத் தெரிகிறது. தெரியாதவர் அழுத்தித் தேய்த்தால் அந்த மேடு போய்விடும், திரும்ப வராது.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். இது சட்டைக் கையின் பட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கடிகாரம். ஒரு வாரம் கட்டிப் பாருங்கள், அப்புறம் 42 மில்லிமீட்டர் கடிகாரம்தான் பெரிசாகத் தெரியும்.

வாங்குவதாக இருந்தால், பட்டேக்கின் ஆவணச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தயாரித்த வருடமும் விற்ற தேதியும் அதில் இருக்கும். ஆனால், டயல் இடையில் மாற்றப்பட்டதா என்பதை அந்தக் காகிதம் காட்டிக்கொடுக்காது. அதற்கு லென்ஸ்தான்.

கேள்வி: சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்துக்கு எப்போது சாவி கொடுப்பது நல்லது?
- வாசகர், மதுரை

பதில்: தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு. கையில் கட்டியபடி திருகினால் சாவித் தண்டு ஒரு பக்கமாக இழுபடும். திருகும்போது விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கை கழுவும்போதும் கழற்றிவிடுங்கள். நம் ஊர் வேர்வையே அதற்கு அதிகம்.