ஜோசே டோ பத்ரோசீனியோ: கேட்டதும் சொன்னதும்

பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த கதையைப் பேசும்போது இந்தப் பத்திரிகையாளரின் பெயரை ஒருமுறை சொல்லிவைத்தேன். அப்புறம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: யார் இவர்? ரெண்டு வரியில் சொல்ல முடியுமா?

1853-ல் ரியோ டி ஜெனிரோ மாகாணத்தின் காம்போஸ் ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஊர்ப் பங்குத்தந்தை. அம்மா ஜஸ்டினா, அடிமையாக இருந்த பதின்வயதுப் பெண். மகன் என்று பாதிரியார் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தன் பண்ணையில் வளரவிட்டார். அடிமைகள் மத்தியில், அடிமையாக இல்லாமல் வளர்ந்த பையன். ரெண்டு வரி தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

கேள்வி: மருந்தாளுநர் படிப்பு படித்தவராமே? பத்திரிகைக்கு எப்படி வந்தார்?

பதினைந்து வயதுக்குள் ரியோ நகரத்துக்கு வந்து, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தார். 1874-ல் பட்டம் வாங்கினார். சொந்தக் கடை வைக்க முதல் இல்லை. நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டுப் பெண்ணையே 1881-ல் கட்டிக்கொண்டார். அதே ஆண்டு 'கஸெட்டா டா டார்டே' என்ற மாலைப் பத்திரிகையை வாங்க மாமனார் பணம் கொடுத்து உதவினார். வீட்டு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

அதற்கு முன்பே, 1877 முதல், வேறொரு நாளிதழில் 'ப்ருடோம்' என்ற புனைபெயரில் நாடாளுமன்ற விவகாரங்களை எழுதிக்கொண்டிருந்தார். 'அடிமை முறை என்பது திருட்டு' என்ற வரியை அவர் திரும்பத் திரும்ப எழுதிப் பிரபலமாக்கினார். 'சொத்து என்பது திருட்டு' என்ற பிரெஞ்சுக்காரர் ப்ருதோனின் வரியைத் திருப்பிப் போட்டதுதான் அது.

கேள்வி: பஞ்சத்தைப் பற்றி எழுதினார் என்கிறார்களே?

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி இது. 1877-ல் வடகிழக்கில் சியாரா மாகாணத்தில் மழை பொய்த்தது. மூன்று வருடம் நீடித்தது. நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் கொன்றுகொண்டிருந்த அதே சமயம்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் குழப்பும் எல் நினோவுக்கு இரண்டிலும் பங்கு உண்டு.

1878-ல், இவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாளிதழ் இவரை அங்கே அனுப்பியது. கட்டுரைகளோடு, எலும்பும் தோலுமான குழந்தைகளின் சின்ன அட்டைப் புகைப்படங்களையும் ரியோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைய அச்சு எந்திரத்தில் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்க முடியாது. அதனால் ஒரு கேலிச்சித்திர இதழ் அவற்றைக் கல்லச்சில் வரைந்து வெளியிட்டது: ஓர் எலும்புக்கூட்டின் கை இரண்டு படங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. பத்திகள் சொல்லியும் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

கேள்வி: குடியரசுவாதி என்றவர் இளவரசி முன் மண்டியிட்டாரே, இது சந்தர்ப்பவாதம் இல்லையா?

அன்றைய குடியரசுவாதிகளும் இதைத்தான் கேட்டார்கள். 1888 மே 13 அன்று, பேரரசர் ஐரோப்பாவில் இருந்ததால், அவர் மகள் இளவரசி இசபெல் அடிமை ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மொத்தமே இரண்டு பிரிவு: அடிமை முறை இன்றோடு ஒழிந்தது, இதற்கு எதிரான எல்லாம் ரத்து. பத்ரோசீனியோ உணர்ச்சிவசப்பட்டு அவர் காலடியில் விழுந்தார். பிறகு இளவரசியைக் காக்க, விடுதலை பெற்ற கறுப்பர்களின் 'கறுப்புக் காவல்படை' ஒன்று உருவானதிலும் இவருக்குப் பங்கு இருந்தது. அந்தப் படை குடியரசுவாதிகளின் கூட்டங்களில் கலவரம் செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் சந்தர்ப்பவாதி என்பது சரியில்லை. குடியரசு பேசியவர்களில் அடிமை வைத்திருந்த காபித் தோட்டக்காரர்களும் நிறைய. பெற்ற தாயை விற்கவும் வாங்கவும் முடிந்த நாட்டில் வளர்ந்தவருக்கு, அரசரா குடியரசா என்பது இரண்டாவது கேள்விதான்.

கேள்வி: பதவி ஏதும் வகித்தாரா?

1886-ல் ரியோ நகராட்சி உறுப்பினர் ஆனார். 1889 நவம்பர் 15 அன்று அந்த மன்றத்தில் குடியரசை அறிவித்ததும் இவரே. பாருங்கள் வேடிக்கையை! அந்தக் குடியரசே 1892-ல் அவரைப் பிடித்து, அமேசானின் உள்ளே குகூயி என்ற எல்லைக் காவல் ஊருக்குத் துரத்தியது. குடியரசுத் தலைவர் ஃப்ளோரியானோ பெய்ஷோட்டோவை எதிர்த்து எழுதியது குற்றம். திரும்பி வந்தபின், அவர் 1887-ல் தொடங்கிய 'சிடாடே டோ ரியோ' பத்திரிகையும் முடக்கப்பட்டது.

கேள்வி: விமானம் கட்டினார் என்பது உண்மையா?

விமானம் இல்லை, வான்கப்பல்: வாயு நிரப்பிய பெரிய பலூனில் எந்திரம் பூட்டியது. 'சான்டா குரூஸ்' என்று பெயர். இருந்த பணம், கடன் வாங்கிய பணம் எல்லாம் அதில் போனது. ரியோவுக்கு முதன்முதலில் கார் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்பதால், எந்திர மோகம் புதிதில்லை. வானில் பறந்து காட்டிய பிரேசில்காரர் சாந்தோஸ் டூமோனைப் பாராட்டி ஒரு தியேட்டர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது இவர் ரத்தம் கக்கினார். காசநோய். 1905 ஜனவரியில், 51 வயதில் இறந்தார். சான்டா குரூஸ் கடைசிவரை கொட்டகையை விட்டுக் கிளம்பவே இல்லை.