ஒரு தடவையாவது குட்டி போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் டாய் பொமேரேனியனுக்கு 11 மாதம், எடை 3 கிலோவுக்கும் குறைவு. முதல் தடவையாக ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்திருக்கிறாள். ஒருமுறை குட்டி போட்டுவிட்டால் பிற்பாடு கர்ப்பப்பையில் எந்தத் தொந்தரவும் வராது என்கிறார் மாமியார். பக்கத்துத் தெருவில் நல்ல வெள்ளை ஆண் நாய் ஒன்று இருக்கிறது. சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போது வேண்டாம். மாமியார் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், ஆனால் அது உண்மையில்லை. குட்டி போட்ட நாய்க்கும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். அதைத் தடுப்பது கருத்தடை அறுவை சிகிச்சைதான்.

அவளே இன்னும் வளர்ந்து முடியவில்லை. விற்பதற்காக நாய் வளர்ப்பவர்களுக்கு 2017-இல் மத்திய அரசு போட்ட விதிகளே 18 மாதம் ஆகாத பெண் நாயைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. அப்புறம் அந்த வெள்ளை நாய். அது அநேகமாக இந்தியன் ஸ்பிட்ஸாக இருக்கும், நம் ஊரில் அதையும் பொமேரேனியன் என்றுதான் கூப்பிடுகிறோம். உங்கள் பெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை இருக்கும். அப்பனைக் கொண்டு குட்டியின் தலை பெருத்துவிட்டால் அவளுடைய சின்ன இடுப்பெலும்பு வழியாக அது வெளியே வராது. வயிற்றில் ஒரே குட்டி என்றால் அது இன்னும் கொழுத்துவிடும். பிறகு நடுராத்திரியில் சிசேரியன் செய்யும் டாக்டரைத் தேடி ஓட வேண்டியதுதான். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் முதல் குட்டி வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

சுகப்பிரசவம் ஆகிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்கு அப்போதுதான் பயமே. குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்போது, பால் அதிகமாக இறங்கும் சமயத்தில், சின்ன ஜாதி நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் சடாரென்று குறையும். மூச்சு வாங்கும், கால் விறைக்கும், உடம்பு நடுங்கும், கடைசியில் வலிப்பு. அப்படி வந்த ஒரு தாயை என் மேஜையில் பார்த்திருக்கிறேன்; அந்த வீட்டார் கர்ப்பகாலம் முழுக்க ஆசை ஆசையாகக் கால்சியம் டானிக் கொடுத்திருந்தார்கள். அதுதான் கெடுத்தது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்க உடம்பில் ஒரு சுரப்பி இருக்கிறது, வெளியிலிருந்து தினமும் கிடைத்தால் அது மந்தமாகிவிடும், பால் கொடுக்கும் நேரத்தில் திடீரென்று தேவை ஏறும்போது ஈடுகொடுக்காது. நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினோம், பிழைத்தாள். சில மணி நேரம் தாமதித்திருந்தால் போயிருப்பாள்.

குட்டிகளின் பாடு தனி. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்குச் சூடு குறைந்தாலும், பால் குடிக்கத் தவறினாலும் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். முதல் வாரங்களில் ராத்திரியும் முழித்திருந்து பார்க்க ஆள் வேண்டும். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, அதற்குள் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் உங்கள் செலவு. கேட்டவர்கள் எல்லாம் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் அத்தனையையும் நீங்களே வளர்ப்பீர்களா? மாமியாரோடு உட்கார்ந்து இதை மட்டும் பேசிப் பாருங்கள்.

சரி, இப்போதைக்கு ஹீட் முடிய மூன்று வாரம் ஆகும். ரத்தம் நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், சினை பிடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ தனியாக விட வேண்டாம். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடைக்கு அழைத்துப் போங்கள்.