ஊசி போட்ட பிறகும் தலைவலி விடவில்லையே!

கேள்வி: என் கணவருக்கு வயது 54. கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்பு வலது கையும் காலும் விழுந்து, பேச்சு குழறிப் போனது. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனதால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இப்போது நடக்கிறார், பற்றவைக்கிற வேலைக்குத்தான் கை இன்னும் ஒத்துழைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரத்திலிருந்து தலைவலி. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி, சாயங்காலமானால் பிடரி வரை. தெருமுனை மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டால் நாலு மணி நேரம் அடங்குகிறது. மூளை ரத்தக்குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டதோ என்று ராத்திரியெல்லாம் அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். – வாசகி, சிவதாபுரம், சேலம்

பதில்: கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்கிற வலி, புதிதாக அடைத்துக்கொண்டதற்கான அடையாளம்போலத் தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இப்படி வருவதுண்டு. பலமில்லாத கை கீழே தொங்கினால் தோளை இழுக்கும், தோள் இழுத்தால் பிடரி இறுகும், கூடவே தூக்கமும் கெட்டு, பட்டறை என்ன ஆகுமோ என்ற கவலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உட்காரும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், பிசியோதெரபிஸ்டிடம் தோளையும் காட்டுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த செட் மாத்திரைதான். காகிதக் கவரில் பேர் இல்லாமல் வருகிற அந்த மூன்று நாலு மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அல்லது அது மாதிரி ஒன்றாக இருக்கும். உங்கள் கணவர் ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், பிரஷரும் ஏறலாம். இன்னொன்று, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டால், பல மருந்து கலந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும், அந்த மாத்திரையே தினமும் தலைவலியைக் கொண்டுவரும். நாலு மணி நேரம் அடங்கித் திரும்ப வருகிறது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நிறுத்தினால் சில நாள் வலி கூடத்தான் செய்யும், பயந்து மறுபடி மெடிக்கலுக்கு ஓடாதீர்கள். தாங்காத நாளில் பாராசிட்டமால் மட்டும், அதையும் டாக்டரைக் கேட்டு. ஒற்றைத் தலைவலிக்கு என்று யாராவது எர்கோட்டமின், சுமாட்ரிப்டான் மாத்திரையை நீட்டினால் வாங்கவே கூடாது, அவை ரத்தக்குழாயைச் சுருக்குபவை.

மருந்துச் சீட்டில் டைபிரிடமோல் என்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் ரத்தம் கட்டாமலிருக்கத் தருகிற மருந்துதான். அதுவே தலைவலி தரும், வழக்கமாக ஆரம்ப வாரங்களில்தான். இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்தினால்தான் ஆபத்து. பிரஷரைக் காலையிலும் மாலையிலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, அந்த செட் மாத்திரைக் கவரையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

சட்டென்று இடி விழுந்த மாதிரி வலி, வாந்தி, அரைமயக்கம், வாய் கோணல், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் 108. மூளையில் ரத்தக் கசிவா அடைப்பா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும்.

மூச்சைப் பார்க்கிறேன் என்றீர்களே, பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? பக்கவாதம் வந்தவர்களிடம் இது அதிகம். தலைவலியையும் கிளப்பும், பிரஷரையும் ஏற்றும். அப்படி என்றால் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எடுத்து முடித்ததும் நீங்களும் படுத்துத் தூங்குங்கள்.