பிக்ட் மொழியும் ஊர்ப்பெயர்களும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தில் முற்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அவர்கள் மொழியில் எழுதிய நூல் ஒன்றுகூட எஞ்சவில்லை என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே அது வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷுக்கு நெருங்கிய கெல்ட்டிக் மொழி என்று உறுதிபடச் சொல்கிறீர்கள். ஊர்ப்பெயர்கள்தாம் சான்று என்றால், ஒலி ஒற்றுமையைக் காட்டி எந்த மொழியையும் எதனோடும் உறவாக்கிவிடலாமே?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

இன்றைய உச்சரிப்பை வைத்து வேர்ச்சொல் தேடினால் நீங்கள் அஞ்சுவதுதான் நடக்கும். ஆகவேதான் இத்துறையில் ஓர் ஊரின் பெயரைத் தொடுவதற்கு முன், அது முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த எழுத்துக்கூட்டலில், எம்மொழி பேசியவரால் எழுதப்பட்டது என்று பார்க்கிறார்கள்.

ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயத் துறவி பீட் 731இல் முடித்த இலத்தீன் வரலாற்றில், ஃபோர்த் கழிமுகத்தருகே ரோமானியச் சுவர் தொடங்கும் இடத்தைப் பிக்டுகள் ‘பெயன்ஃபாகெல்’ என்றும் ஆங்கிலேயர் ‘பென்னெல்டுன்’ என்றும் அழைப்பதாக எழுதுகிறார். வெல்ஷில் ‘பென்’ என்றால் இன்றும் தலை அல்லது முனை. ‘பிரித்தானியர் வரலாறு’ என்ற இலத்தீன் நூலில் உள்ள குறிப்பு ஒன்று அதே இடத்துக்குப் பிரித்தானியர் மொழியில், அதாவது வெல்ஷின் முன்னோடியில், ‘பென்குவால்’ என்றும், ஐரிஷுக்கு நெருங்கிய கெல்ட்டிக் மொழியான கேலிக்கில் ‘கெனைல்’ என்றும் பெயர் தருகிறது. பின்னதன் முதற்பகுதி தலையைக் குறிக்கும் ‘கென்’. இன்று அவ்விடம் கினீல்.

இங்கே ‘பென்’, ‘கென்’ என்பவை தற்செயலாக ஒத்தொலிக்கும் இரு சொற்கள் அல்ல. வெல்ஷில் மகன் ‘மாப்’, கேலிக்கில் ‘மாக்’. வெல்ஷில் நான்கு ‘பெட்வார்’, கேலிக்கில் ‘கெஹிர்’. அங்கே பகரம் வருமிடத்தில் இங்கே ககரம் வருவது ஒழுங்கான விதி. சான்றின் வலிமை ஒலி ஒற்றுமையில் அன்று, இந்த ஒழுங்கான வேற்றுமையில்தான் இருக்கிறது. பீட் பிக்டுகளுடையது என்று சொன்ன பெயர் பகரத்தின் பக்கம் நிற்கிறது. ஆனால் அதன் பிற்பாதியிலுள்ள ‘ஃபா’வில் கேலிக் வாடை அடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘உறுதி’ என்று நான் எழுதியது சற்று மிகைதான். கெல்ட்டிக் அறிஞர் கென்னத் ஜாக்சன் 1955இல் பிக்டுகளிடம் இரு மொழிகள் இருந்தன, அவற்றுள் ஒன்று கெல்ட்டிக்கே அன்று என வாதிட்டார். கேத்தரின் ஃபோர்சைத் 1997இல் அதை மறுத்தார். என் சாய்வு இரண்டாமவர் பக்கம்.

‘பிட்’ என்று தொடங்கும் ஊர்கள் இன்னும் சிக்கலானவை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்த டீர் மடத்தின் சிறிய நற்செய்திச் சுவடியில், 12ஆம் நூற்றாண்டில் யாரோ வெற்றிடங்களில் நிலக்கொடைகளைக் கேலிக்கில் குறித்து வைத்தனர். அவற்றில் ‘பெட் இன் முலென்’, அதாவது மாவாலையின் பங்கு நிலம், என்றொரு பெயர் வருகிறது. ‘பிட்’டின் பழைய வடிவமான ‘பெட்’ பிக்டுகளின் சொல், ஆலையைக் குறிக்கும் ‘முலென்’னோ கேலிக். வந்தேறிய மொழியார் பழைய நிலச்சொல்லை எடுத்துக்கொண்டு புதுப்பெயர்கள் இட்டிருக்கிறார்கள். எனவே ‘பிட்’ ஊர் ஒவ்வொன்றையும் பிக்டுகளே பெயரிட்டார்கள் என்று கொள்வது பிழை. பிட்லோக்ரி என்ற ஊரின் கேலிக் பெயரில் ‘பிட்’ போய், ஊரைக் குறிக்கும் ‘பாலெ’ வந்திருப்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: கேலிக்கில் ‘பிட்’ என்ற சொல்லுக்கு அவையில் சொல்லத்தகாத பொருள் உண்டு. நம் இலக்கணத்தார் இடக்கரடக்கல் என்றிருப்பார்கள்.

‘அபெர்’ அதைவிட நல்ல சாட்சி. ஆற்றுமுகத்துக்கு வெல்ஷிலும் அதுவே சொல், கேலிக்கில் ‘இன்வெர்’. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்ததை நாம் ஊகிக்கக்கூட வேண்டியதில்லை. ஃபோர்த் கழிமுகத்திலுள்ள மே தீவு மடத்துக்கான 12ஆம் நூற்றாண்டுப் பட்டயம் ஒன்றில், நிலத்தின் அடையாளம் பிசகிவிடக்கூடாதே என்று எழுத்தரே குறித்திருக்கிறார்: ‘முன்பு அபெரின் ஆக இருந்த இன்வெரின்’.