ஜப்பானில் டீச்சர் வேலை: ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம்?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கண்டனூர், வயது 29. போன வருடம் ஏப்ரலில் ஜப்பான் வந்தேன். ஒரு ஏஜென்சி மூலம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியையாக இருக்கிறேன். ஒப்பந்தத்தை மார்ச்சுக்கு மார்ச் புதுப்பிக்க வேண்டும். சம்பளம் 2,40,000 யென்; பிடித்தம் போக 2 லட்சம் கைக்கு வரும். என் செலவு 1,25,000. மீதி முழுவதையும் காரைக்குடியில் உள்ள என் பழைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 63 வயது, வருமானம் இல்லை. எங்கள் வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஓடு ஒழுகுகிறது, மாற்ற வேண்டும் என்கிறார். புதுவயல் பக்கம் 2 ஏக்கர் புஞ்சை வருகிறது, அதை என் பேரில் வாங்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் போன ஆகஸ்டில் எனக்குக் கைக்கு வந்ததே 85,000 யென்தான். தோழியிடம் கடன் வாங்கி வாடகை கட்டினேன். எதை முதலில் செய்வது?

பதில்: தோழியிடம் கடன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஓடு, நிலம் எல்லாம் அப்புறம்.

கோடை விடுமுறையில் பள்ளி இல்லாததால் ஏஜென்சி பாதிச் சம்பளம் போட்டிருக்கிறது. ஆனால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் முழுச் சம்பளத்தை அடிப்படையாக வைத்தே பிடிக்கப்படும். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 9.15 சதவீதம், அதாவது மாதம் 21,960 யென். சம்பளம் பாதியானாலும் அது குறையாது. 85,000 வந்த கணக்கு இதுதான். இந்த ஆகஸ்டிலும் இதே கதைதான் நடக்கும்.

இந்த வருடம் அதோடு இன்னொன்றும் சேரும். ஜப்பானில் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டின் வருமானத்துக்குத்தான் போடுவார்கள். அதனால் முதல் வருடம் உங்களுக்கு அது வந்திருக்காது. ஏஜென்சி சம்பளத்தில் பிடிக்காவிட்டால், ஜூனில் நகராட்சியிலிருந்து ஒரு உறை வரும். உள்ளே ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி என்று நான்கு தவணைச் சீட்டுகள் இருக்கும். பக்கத்துக் கடையிலேயே கட்டலாம். உங்கள் ஒன்பது மாதச் சம்பளத்துக்கு, என் கணக்கில், மொத்தம் 70,000 யென் அளவில் வரலாம். இரண்டாம் தவணை விழுவது அதே ஆகஸ்டில்! ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்தாலே வரி உண்டு. மார்ச்சில் வேலை முடிந்து ஊர் திரும்பினாலும் கட்டத்தான் வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஜப்பான் வங்கிக் கணக்கிலேயே 5 லட்சம் யென் சேர்ப்பது. இது உங்கள் நான்கு மாதச் செலவு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் வேறு பள்ளி தேடவோ, டிக்கெட் எடுக்கவோ இதுதான் கைகொடுக்கும். சேர்க்க ஒரு வருடத்துக்கு மேலாகும். ஆகட்டும்.

அதுவரை ஊருக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் 32,000 யென் அனுப்புங்கள். ஆனால் அப்பச்சியின் பேரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரைப் பராமரிப்பவருக்கு ஜப்பான் வரிச் சலுகை தருகிறது. 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர் என்றால், பொதுவாக ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அவர் பேருக்கே போயிருக்க வேண்டும் என்பது 2023 முதல் உள்ள விதி. 32,000 வீதம் பன்னிரண்டு மாதம் அனுப்பினால் 3,84,000 ஆகிவிடும். அனுப்பிய ரசீதுகளையும், உங்கள் பிறப்புச் சான்றிதழை ஜப்பானிய மொழிபெயர்ப்புடனும், வருடக் கடைசி வரிக் கணக்கின்போது ஏஜென்சியிடம் கொடுங்கள். வருமான வரி, குடியிருப்பு வரி இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50,000 யென் மிச்சமாகும். இதுவரை உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பியதற்கு இந்தச் சலுகை கிடைக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் காரைக்குடிக் கணக்கையும் சரிசெய்ய வேண்டும். வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) மாற்றுங்கள். கூடவே ஒரு என்ஆர்இ கணக்கும் (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான கணக்கு) தொடங்குங்கள். 5 லட்சம் சேர்ந்த பிறகு உங்கள் சேமிப்பு இதற்குத்தான் வர வேண்டும். இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள்.

புஞ்சை நிலம் உங்கள் பேரில் வேண்டவே வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. வீட்டுமனை, வீடு வாங்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பச்சியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

வளவு ஓட்டை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மழை இறங்கினால் அடியில் உள்ள மரமும் கெடும். தள்ளிப்போட்டால் செலவு கூடும். ஆனால் அது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடாக இருந்தால் உங்கள் சம்பளம் மட்டும் ஏன் போக வேண்டும்? கொத்தனாரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைப் பங்கு வாரியாகப் பிரித்து, யார் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மூன்று வருடத் தவணையில் வட்டிக்கடை வேலைக்குப் பர்மா, மலாயா போன காலத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்த ஊர் நம்முடையது. அப்பச்சி தயங்க மாட்டார். உங்கள் பங்கை, மாதம் அனுப்பும் பணத்திலிருந்தே அவர் கொடுக்கட்டும்.

கடைசியாக ஓய்வூதியம். ஜப்பானை விட்டு ஒரேயடியாகத் திரும்பினால், கட்டிய பணத்தில் உங்கள் பங்கு அளவுக்கு ஏறத்தாழ மொத்தமாகத் திரும்பப் பெறலாம். கிளம்பி 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதையும் திரும்பக் கேட்க, அங்கேயே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து, கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.